ஜெபா பீர்க்கு

— நாலு மாடியும் நடந்தா ஏறி வந்தீய சம்பந்தம் அண்ணே? லிஃப்ட் கெட்டுக் கெடக்குன்னு கீழ வாட்ச்மேன் சொல்லலியா?

— சொன்னான்மா. சொன்னா இன்னா, ஜெபாவ பாக்காம திரும்பிப் பூடுவேனா நானு? ரவ இரு, மூச்சு வாங்கிக்கிறேன். உங்க மொட்ட மாடிக்கு மொத தபா ஏறினு கீறேன். முட்டி ரெண்டும் அழுவுது.

— இந்த ஸ்டூல்ல இரிங்க. பிள்ளை இப்பத்தான் ஒறங்கிச்சு, காயப்போட்ட துணிய எடுக்க வந்தேன். சாயா போடட்டா?

— டீ கீ ஒன்னியும் வேணாம். மொதல்ல இந்தப் பைய புடி.

— என்னது இது... பீர்க்கங்காயா! ஏசுவே, இம்புட்டு நீளமா? என் அடுக்களையில இத எங்கன வைப்பேன்?

— மூணா ஒடிச்சி வையேன், இன்னா கெட்டுப்போச்சு. இது கடைசி அறுப்பு. மார்க்கெட்டுக்குப் போவாம உனக்குன்னு எடுத்து வெச்சது. பிரசவத்துக்கு மார்த்தாண்டம் போனவ, புள்ள நடக்குற வரைக்கும் அம்மா ஊட்டுலயே இருந்துட்ட. நீ வந்துட்டன்னு உன் ஊட்டுக்காரரு ஜஸ்டின் தம்பி சொன்னதும் ஓடியாந்தேன்.

— எனக்கு என்னத்துக்கு அண்ணே இதெல்லாம்? நான் அப்படி என்ன செஞ்சேன்?

— இன்னா செஞ்சியா? நல்லா கேட்ட போ! அந்தக் கார்த்திக மழைய மறந்துட்டியா? நூம்பல் ஊருல என் கொல்ல பாதி தண்ணிக்குள்ள. விதைக்குன்னு ரெண்டு ரகத்த ஒட்டு கட்டுவேன்ல, அதுல அம்மா ரகம், பொண் கொடிங்க, மேட்டுல இருந்துச்சு, தப்பிச்சுது. ஆண் பூ குடுக்குற அப்பா ரகம், ஆண் கொடி, மொத்தமும் பள்ளத்துல, அழுவிப் போச்சு. பொண்ண மணையில குந்த வெச்சிட்டு மாப்ளைய வெள்ளத்துல வுட்ட கதைதான்.

— ஓர்மை இருக்கு, ஓர்மை இருக்கு. கீழ கேட் பக்கத்துல கொடை கூட இல்லாம நின்னு, "ஜெபாம்மா, ஆண் பூ கீதா? ஆண் பூ கீதா?"ன்னு கத்துனீயளே! ரெண்டாவது மாடி கிருஷ்ணப்பிரியா பயந்துட்டு கதவச் சாத்திட்டா.

— சாத்தாம இன்னா பண்ணும்? நட்டது போக மீந்த ஆண் நாத்த இந்த ஃபிளாட்டுல எத்தினி ஊட்டுக்கு ஓசில குடுத்தேன்! எல்லாரும் செடிய சாவடிச்சிட்டு போட்டோ மட்டும் வெச்சினு கீறாங்க. அந்தப் பொண்ணு ஊட்டு பக்கெட்டுல இப்போ தொடப்பம் நிக்குது. உன் மாடில மட்டுந்தான் கொடி பூத்துச்சு.

— அதுக்கு நான் டிபன் பாக்ஸ்ல பூவப் பறிச்சுக் கொண்டு தந்தேன். அம்புட்டுத்தானே? வயித்தத் தூக்கிட்டுப் படி எறங்குறதுதான் பாடா இருந்துச்சு.

— அத்த சொல்லு! நெற மாசமா இருந்த பொண்ணு, தெனம் சாயங்காலம் எனுக்காக எறங்கி வந்தியே. ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்மா. பீர்க்கம்பூ அந்தி சாயும்போதுதான் விரியும். அந்த நேரத்துல ஆண் பூவ எட்த்து பொண் பூ மேல தடவி, வேற பூவுல உக்காந்த வண்டு வந்து கெடுக்காம பைய கட்டணும். வுட்டா அந்த வருசமே போச்சு.

— எனக்கு அதெல்லாம் வெளங்காது அண்ணே. பூ கேட்டீய, தந்தேன்.

— அந்த விதை இன்னா பண்ணிச்சு தெரியுமா? முத்தாபுதுப்பேட்டை வரதன் கீறான்ல, வெள்ளாமய மூட்ட கட்டிட்டு செக்யூரிட்டி வேலைக்கு யூனிபாரம் தெச்சிட்டான். "கடைசியா ஒரே ஒரு தபா இத்தப் போட்டுப் பாருடா"ன்னு ஒரு பிடி குடுத்தேன். ஊருல மத்தவன் கொடியெல்லாம் எல காட்டினு நிக்கும்போது இவன் பந்தல்ல காய் தொங்குது! அடிக் கணுவுலயே பொண் பூ புடிச்சிடுச்சு. பூந்தமல்லி மார்க்கெட்டுல இவன் கூடைல மட்டுந்தான் பீர்க்கங்கா. சரி, முந்திக் காச்சது முந்தி ஓஞ்சிடும்னு பாத்தா, அதுவும் இல்ல. மத்தவன் காய் வந்த அப்பாலயும் காச்சுத் தள்ளுது. அந்த யூனிபாரத்த இப்போ கொல்லைல திருஷ்டி பொம்மைக்கு மாட்டி வுட்டுகீறான்.

— கொள்ளாமே! கேக்கவே சந்தோசமா இருக்கு.

— பேரு இன்னா வெச்சேன் தெரியுமா? ஜெபா.

— ஐயோ அண்ணே!

— சாமி சத்தியமா! மார்க்கெட்டுல வேம்புலியம்மாள் கூவுது, "ஜெபா வந்துட்டா, ஜெபா வந்துட்டா, நார் இல்லாத ஜெபா"ன்னு.

— எங்க வீட்டுல இவிய கேட்டா ஒரு மாசம் சிரிப்பாவ. உங்களுக்கு வேற பேரே கெடைக்கலியா? நாகம்மா அக்கா பேர வச்சிருக்கலாம்லா?

— பொண்டாட்டிதான் வேணான்டுச்சு. "எம்பேர வெச்சா காய் கசக்கும்யா, அந்தப் புள்ள பேர வெய்யி"ன்னுச்சு.

— நல்லா இருக்கட்டும். ஆனா அண்ணே, வந்ததுல இருந்து சிரிக்கீய, சிரிப்பு மொகத்துல நிக்கலியே. என்னாச்சு?

— கண்டுபுடிச்சிட்டியா. பேஜாராப் போச்சுமா. அந்த விதை தீந்துடுச்சு.

— இந்தக் காயிக்குள்ள விதை இருக்கும்லா? ஒண்ண முத்தவிட்டு எடுத்தா என்ன?

— இது வீரிய ஒட்டும்மா. இந்தக் காய் விதைய போட்டா ஒன்னு தாத்தா மாரி, ஒன்னு பாட்டி மாரி, ஒன்னு யாரு மாரியும் இல்லாம வரும். ஒவ்வொரு தபாவும் அதே அம்மாவுக்கு அதே அப்பாவ கட்டி வெக்கணும். வெச்சேனே! வேலப்பன்சாவடி தோஸ்து பால்ராஜு கைல அதே ஆண் விதை இருந்துச்சு. வாங்கினு வந்து வளத்து, அதே பொண் கொடில, அதே மாரி பூ தடவி, அதே மாரி பை கட்டி...

— பொறவு?

— சொம்மா ஊரு பீர்க்கங்கா மாரி வந்து நிக்குது. எல்லாரும் காய்க்கும்போது காய்க்குது, எல்லாரும் ஓயும்போது ஓயுது. வரதன் எம்மூஞ்சியப் பாத்து, "அண்ணாத்தே, இது ஜெபா இல்லியே"ங்கிறான். இந்த ஆடில நான் சரியா ஒட்டு கட்டினாத்தான் தைப் பட்டத்துக்கு அவங்களுக்கு விதை. அவன மாரி எத்தினி பேரு என்ன நம்பி குந்தினு கீறாங்க! எந்த மூஞ்சிய வெச்சினு அவங்க முன்னால போவேன்? துன்ற சோறு எறங்கலமா.

— அதே அம்மை, அதே அப்பன்னா அதே பிள்ளைதானே வரணும்? என்னதான் கொறைஞ்சுது?

— யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சுது. அப்பால நாகம்மாதான் சொல்லிச்சு: "யோவ், பொண்ணும் அதே, மாப்ளையும் அதே. இப்போ இல்லாதது ஒன்னே ஒன்னு, அந்தப் புள்ள கைராசி." பொட்டுல அடிச்ச மாரி இருந்துச்சு. அதான் இந்தத் தொட்டிய தூக்கினு வந்தேன்.

— இதென்ன, நாத்தா?

— அதே ஆண் நாத்து, பால்ராஜு விதை. இத்த உன் கையால நடு. நீ தண்ணி ஊத்து, நீயே பூவப் பறி. கீழ எறங்க வேணாம், முட்டி போனாலும் பரவால்ல, நானே தெனம் ஏறி வரேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத தாயி.

— அண்ணே, கையெல்லாம் கூப்பாதீய, எனக்கு அழுகை வருது. இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரு முகம் தெரியாது எனக்கு. மொதமொதல்ல கதவத் தட்டி, "துன்னியாமா, நல்லா கீறியாமா"ன்னு கேட்டது நீங்கதான். நான் மாசமா இருக்கேன்னு கீரை கீரையாக் கொண்டு குமிச்சீய. நட மாட்டேன்னா சொல்லுவேன்? தாங்க இப்படி. ஆனா கைராசின்னு மட்டும் சொல்லாதீய, பயமா இருக்கு.

— ராசிதாம்மா! பின்ன இன்னா? எத்தினியோ ஊட்டுல செத்தது உங்கையில பொழச்சுதே. ரவ தேடிப்பாரு, அந்தப் பழைய பக்கெட்டு இங்கதான் கீதா? நான் குடுத்த செடி வளந்த பக்கெட்டுலயே இதையும் வெச்சிடு.

— நீங்க தந்த செடியா? அது நட்ட வாரமே புறா கொத்திப் போட்டுட்டுல்லா அண்ணே! சொன்னா வருத்தப்படுவீயன்னு, எங்க அம்மை ஊர்ல இருந்து தந்துவிட்ட பீர்க்கம்விதைய அதே பக்கெட்டுல போட்டேன். உங்களுக்குத் தந்த பூவெல்லாம் அதுல பூத்ததாக்கும்... இந்தத் தடவையும் அம்மை ஒரு பொட்டலம் மடிச்சுத் தந்திருக்கு, எடுத்துட்டு வரட்டா?