வியாழக்கிழமை நியோக்கி

மனித குலம் முழுவதும் காதுகொடுத்துக் கேட்கவேண்டிய ஓர் அறிவிப்போடு இந்த வாக்குமூலத்தைத் தொடங்குகிறேன்: உருளைக்கிழங்கைப் பிசைந்து உருட்டி வேகவைக்கும் நியோக்கியை வியாழக்கிழமைதான் சாப்பிடவேண்டும். வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை மாட்டுக்குடல், ஞாயிற்றுக்கிழமை அவரவர் மாமியார் போடுவது. இந்த ஒழுங்கைக் குலைத்த எந்த ஊரும் உருப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மரெஷால்லோ பீராஸ், நீங்கள் சார்தீனியாத் தீவுக்காரர். இருந்தாலும் எங்கள் மொன்தெசால்வோ காவல் நிலையத்துக்குத் தலைவராக வந்த இரண்டாவது வாரமே துல்லியோ கடையில் வியாழக்கிழமைக்கு ஒரு மேஜை பிடித்துவிட்டீர்கள். ஆகவே நான் சொல்லப்போவதைப் புரிந்துகொள்ள உங்களைவிடத் தகுந்த அதிகாரி இந்த மாவட்டத்தில் கிடையாது. எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

பெயர் க்விரீனோ போஸ்கெத்தி. வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருடமாக இந்த ஊரின் தபால் முழுவதும் என் கையால்தான் போய்வருகிறது. முத்திரை குத்துவதும் நான், பையைத் தோளில் போட்டு நடப்பதும் நான், தேவாலயத்துப் பக்கத்துச் சிவப்புப் பெட்டியைத் திறப்பதும் நான். என் பணிக்காலத்தில் ஒரு தபாலைக்கூட நான் அழித்ததில்லை. இதைத் தனி வரியாக எழுதுங்கள்.

துல்லியோ கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்தத் தாளை ரோமில் யாராவது படிப்பார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவன் வரவேண்டாம் என்பது துல்லியோவின் கொள்கை. ஏழு மேஜை. உணவுப் பட்டியல் அச்சடித்ததில்லை. துல்லியோ பக்கத்தில் வந்து நின்று, இன்றைக்கு என்ன உண்டு என்று சொல்வான். வேறு எதையாவது கேட்டால், அவன் மனைவியைக் கேட்டதுபோல் பார்ப்பான். வாடிக்கையாளர்களின் கைத்துணிகள் பெயர் எழுதிய தட்டறைகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். செத்தால்தான் தட்டறை காலியாகும். என்னுடையது மேல் வரிசையில் மூன்றாவது; அதற்கு நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். சமையலறை வாசலில் பாசிமணித் திரை. அதைத் தாண்டி எந்த வாடிக்கையாளனும் போனதில்லை. கோவிலில் குருக்கள் நிற்கும் இடத்துக்கு நாம் போவோமா?

மருந்துக்கடை உபால்தி ஒவ்வொரு வியாழனும் முள்கரண்டியை உயர்த்திப் பிடித்து ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். "இது வெறும் சாப்பாடு இல்லைய்யா. நம்ம ரத்தம். ரோமுக்கும் முந்தின எத்ருஸ்கர் காலத்துலேருந்து வர்ற கைப்பக்குவம்!" உருளைக்கிழங்கே அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு தடவை கேட்டார். அவர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார்.

அந்தக் கைப்பக்குவம் துல்லியோவின் அம்மாவுடையது. கிழவி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் போய்ச்சேர்ந்தாள். ஊரே கலங்கியது, சவ ஊர்வலத்தில் அழுதவர்களில் பாதிப் பேர் அடுத்த வியாழனை நினைத்து அழுதார்கள். ஆனால் அடுத்த வியாழன் தட்டு வந்தது, அதே மென்மை, ஒவ்வோர் உருண்டையிலும் அதே கட்டைவிரல் குழி. தட்டைக் கொண்டுவந்தவள் கிழவியின் மகள், துல்லியோவின் தங்கை ஆர்ஜியா. முழங்கை வரை மாவு. "இன்னிக்கு நல்லா வந்திருக்கு, சாப்பிட்டுப் பாருங்க" என்றாள். உபால்தி எழுந்து நின்று கைதட்டினார். அன்றிலிருந்து அது ஆர்ஜியாவின் நியோக்கி.

ஐம்பத்து நான்கில் மின்கம்பி போட வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒரெஸ்தே என்று ஒருவன். எட்டு மாதம் துல்லியோ கடை மூலை மேஜையில் சாப்பிட்டான். நல்ல பையன்தான். ஆனால் உரக்கச் சிரிப்பான், ஆர்ஜியாவையும் சிரிக்கவைப்பான். வேலை முடிந்ததும் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டான், பாசல் நகரத்தில் ரயில் பட்டறையில் வேலை.

அவனிடமிருந்து முதல் கடிதம் ஒரு வியாழக்கிழமை காலை வந்தது. உறையின் ஒட்டுச் சரியில்லை. சுவிஸ்காரர்களுக்குக் கடிகாரம் செய்யத் தெரியும், பசை செய்யத் தெரியாது. கொஞ்சம் ஆவி காட்டியதும் திறந்துகொண்டது. "அறை கிடைச்சிருக்கு. ஜன்னல்ல நின்னா ஆறு தெரியும். ஒரு நாற்காலிதான் இருக்கு. நீ வர்றேன்னு எழுது, ரெண்டாவது வாங்கிடறேன்" என்று எழுதியிருந்தான்.

நான் யோசித்தேன். மணி பதினொன்று. ஒரு மணிக்கு நியோக்கி. ஒரு பக்கம் ஒரு நாற்காலி. இன்னொரு பக்கம் ஓர் ஊர், அதன் மரபு, வருங்காலத் தலைமுறை. பொறுப்புள்ள ஒரு பொது ஊழியன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். கடிதத்தை மறுபடி ஒட்டி, தராசுக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்தேன். வைத்தேன் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். சேர்ப்பிக்கக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அன்று மதியம் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"க்விரீனோ, எனக்கு ஏதாவது உண்டா?"

"விதைக் கம்பெனி விளம்பரம் ஒண்ணுதான் ஆர்ஜியா."

என் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அவளுக்காக நான் மனதார வருந்தினேன். அதை அவள் கவனித்தாள் போலிருக்கிறது. என் தட்டின்மேல் பாலாடைக்கட்டியை இரண்டு மடங்கு துருவிப் போட்டாள். "நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறீங்க? வரும்போது வரட்டும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அப்படிப்பட்ட பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஆறு வருடத்தில் நாற்பத்துமூன்று கடிதங்கள். தேதி வாரியாக அடுக்கி நூல் கட்டினேன். அவளும் பட்டறை விலாசத்துக்கு மூன்று எழுதிச் சிவப்புப் பெட்டியில் போட்டாள். மூன்றும் அதே டப்பாவில், தனி நூலில். அவளுடைய எழுத்து அழகாக இருக்கும். மூன்றாவதில் "நான் உன்னை ஏதாவது வருத்தப்படுத்திட்டேனா?" என்று மட்டும் கேட்டிருந்தாள். படித்துவிட்டு எனக்கு அன்று இரண்டாவது காப்பி இறங்கவில்லை.

அறுபத்தொன்றில் ஒரெஸ்தே நேரிலேயே வந்துவிட்டான். இதில் அவன் செய்த பிழையைச் சொல்லவேண்டும். சுவிஸ் பட்டறைக்கு விடுமுறை ஆகஸ்டில். நம் நாட்டில் ஆகஸ்டில் எந்தக் கடை திறந்திருக்கும்? கதவில் துல்லியோ தன் கையால் 'கடலுக்குப் போயிருக்கிறோம்' என்று எழுதி ஒட்டியிருந்தான். பையன் பூங்கொத்தோடு அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் இருந்தது நானும் ஒரு நாயும்தான்.

"ஆர்ஜியா எங்கேங்க?" என்றான்.

"கடலுக்குப் போயிருக்காங்க. குழந்தைங்களோட."

"குழந்தைங்களா?"

"ஆமா. பெரியவனுக்கு அஞ்சு. சின்னது பொண்ணு. ஆர்ஜியா மடிய விட்டு இறங்காது."

மரெஷால்லோ, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. துல்லியோவுக்கும் அவன் மனைவி ஓர்னெல்லாவுக்கும் பிறந்த குழந்தைகள் அவை. அத்தையோடுதான் கடலுக்குப் போயிருந்தார்கள். யாருடைய குழந்தைகள் என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தான். அதை நான் மாதா சிலைக்கு வைத்தேன்.

அடுத்த மாதம் அந்த நாற்பத்துமூன்றில் கடைசிக் கடிதம் வந்தது. "எனக்குக் கோபம் இல்ல. குழந்தைங்களுக்கு ஷூ கீ வேணும்னா எழுது, இங்க நல்ல ஷூ கிடைக்கும். நான் அதே அறைலதான் இருக்கேன்." பண்பான மனிதன். அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

அதன்பின் ஐந்து வருடம் அமைதி. ஆர்ஜியா கேட்பதை நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். முடியில் கொஞ்சம் நரை விழுந்தது. நியோக்கியில் எந்தக் குறையும் விழவில்லை. ஊர் மகிழ்ச்சியாக இருந்தது. உபால்தி தம் சொற்பொழிவில் எத்ருஸ்கரோடு ரோமப் பேரரசையும் சேர்த்துக்கொண்டார்.

இந்த வருடம் மார்ச்சில் தேவாலயப் படியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்தது. எனக்குப் பதிலாக மாவட்ட அலுவலகம் டெல்ஃபீனா என்ற பெண்மணியை அனுப்பியது. சுத்தக்காரி. முதல் நாளே தராசுக்குப் பின்னால் துடைத்தாள். டப்பாவைக் கண்டதும், ஏதோ பழைய தேக்கம் என்று நினைத்து, நாற்பத்தாறு உறைகளிலும் 'தாமதம்' என்று முத்திரை குத்தி, அனுப்பியவர் பெயர் பார்த்து அந்த மூன்றையும் சேர்த்து, ஆர்ஜியாவிடம் கொடுத்துவிட்டாள். நம் நாட்டில் இதில் யாரும் அதிசயப்படவில்லை. "பதினோரு வருஷமா? நம்ம தபாலுக்கு இது கொஞ்சம் வேகம்தான்" என்றானாம் துல்லியோ.

ஆனால் அவள் எழுதிய மூன்றில் ஊர் முத்திரை விழவே இல்லை. அவை தபால் நிலையத்தைவிட்டு வெளியே போகவில்லை என்பது புரிய ஆர்ஜியாவுக்கு அதிக நேரம் ஆகியிருக்காது.

புதன்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். நான் காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தேன். பயண உடையில் இருந்தாள், கையில் பெட்டி. வாசலிலேயே நின்றாள்.

"க்விரீனோ, எனக்கு ஏதாவது உண்டா?"

"இல்லையே ஆர்ஜியா" என்றேன். பழக்கம்.

அவள் சிரித்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மூலை மேஜைப் பக்கம் கேட்ட அதே சிரிப்பு. பிறகு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். துல்லியோவிடம்கூட என் பேரைச் சொல்லவில்லை. பாசலிலிருந்து உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறாள். அதனால்தான் இந்தச் சந்திப்பு. கடைக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது, துல்லியோ எல்லா மேஜைக்கும் காட்டினான்: "ஒரெஸ்தேவுக்குத் தலைல முடி இல்ல. மத்ததெல்லாம் இருக்கு. கல்யாணம் ஜூன்ல." கடை முழுவதும் சிரித்தது. நானும்தான். அவள் நன்றாக இருக்கட்டும். எனக்கு அவள்மேல் எந்த விரோதமும் கிடையாது.

ஆக, கேட்டதற்கு நேர் பதில்: ஆம், நாற்பத்தாறு கடிதங்களையும் தடுத்தவன் நான்தான். பிரித்துப் படித்தவனும் நான்தான். ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பதினோரு வருடம் போனது என்னால். ஆனால் எதற்காக என்பதையும் எழுதுங்கள். இந்த ஊரின் கைப்பக்குவம் அந்த ஒரு பெண்ணின் கையில் இருந்தது. நான் எனக்காக எதுவும் செய்யவில்லை. ஊருக்காகக் காவல் இருந்தேன்.

அவள் போன மறுநாள் வியாழக்கிழமை. ஊன்றுகோலோடு கடைக்குப் போனேன். ஒரு மரபின் மரணத்தைப் பார்க்கவேண்டியது என் கடமை. எல்லார் முகமும் செத்துப்போயிருந்தது. உபால்தி கறுப்பு டை கட்டியிருந்தார். பரிமாற ஆள் இல்லாததால், பாசிமணித் திரையை விலக்கிக்கொண்டு ஓர்னெல்லாவே தட்டோடு வந்தாள். வடக்கே பெர்கமோ பக்கத்துக்காரி, சோளக்களி கிண்டும் ஊர். அவள் உள்ளே பாத்திரம் கழுவுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சாப்பிட்டேன். அதே மென்மை. அதே கட்டைவிரல் குழி.

"ஆர்ஜியா போறதுக்கு முன்னாடி பிசைஞ்சு வெச்சிட்டுப் போனாளா?" என்றேன்.

"அவளா?" ஓர்னெல்லா கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு உருளைக்கிழங்கு உரிக்கக்கூட வராதுங்க. மாமியார் போனதுலேருந்து நான்தான் செய்யறேன். அவ பலகைய மாவு போட்டுத் துடைப்பா, தட்டெடுத்துட்டு வருவா, அவ்வளவுதான். ஏன், இன்னிக்கு நல்லா இல்லையா?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லி, இன்னொரு தட்டு கேட்டேன்.