குவைத்தில் வராத வீடியோ

பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவளின் கணவரும் அங்கேதான், ஒரு ஓட்டலில் சமையல் வேலை.

"எப்பவும் குரல்லதான் பேசுவாரு லாத்தா. வீடியோ போட்டா அங்க நெட்டு இழுக்க மாட்டேங்குதாம்."

"குவைத்துலயா?" மூத்தவர் முழுசாகத் திரும்பிவிட்டார். "என்ன புள்ள சொல்ற! உலகத்துலயே போன் நெட்டு வேகமா இருக்குற எடத்துல அது ஒண்ணு. லண்டன்லேருந்து வந்த எங்க கொழுந்தனே பாத்துட்டு வாயப் பொளந்துட்டாரு."

இளையவள் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"கேமராவப் போடுங்க... நெட்டு மேல பழி போடாதீங்க, எனக்குத் தெரிஞ்சுபோச்சு... பக்கத்துல யாரு இருக்கா? போடுங்கங்கறேன்!"

போட்டார். படம் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் வந்தது. ஒரு பக்கக் கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் வெந்து சுருங்கிய முகம்.

"யா அல்லா!"

அந்தச் சத்தத்துக்கு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எண்ணெச் சட்டி கவுந்துடுச்சும்மா," என்றார் அவர். "ரம்ஜானுக்கு முன்னாடி. இப்ப வலியெல்லாம் இல்ல. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

மூத்தவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்னென்னமோ நெனச்சுட்டேங்க," என்று அவள் அழுதாள்.

"சரி, அழாத. நான் கேமராவ அணைச்சிடுறேன்."

"அணைக்காதீங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. நான் பாக்கணும்."