பிரிக்காத பொட்டலம்

“ஹலோ… நைனா, அந்த இன்னொரு பொட்டலத்தயும் பிரி.”

கேட்கவே கூடாது என்று சின்ன வயதிலிருந்து மிரட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்த எடுப்பில் அப்பாவிடம் கேட்டுவிட்டாள் பிரேமலதா. வெதுருகுப்பம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊரில் கல்யாணமோ கிணறோ, எதுவானாலும் அம்மன் முன்னால் பூக்கட்டிக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள். எடுக்காததைப் பிரிக்காமலே ஏரியில் விட்டுவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

அன்று வெள்ளை வந்திருந்தது. ஆவணியில் அவளுக்கும் அத்தை மகன் சிரஞ்சீவிக்கும் கல்யாணம். பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அவனுடைய செல்போன் கடையில் அவள் உட்கார வேண்டும்.

“கத்தாத நைனா… ஆமா… ஆமாமா, பிரிக்கக் கூடாதுதான், தெரியும்… இப்போ எங்க இருக்கற?… ஏரிக்கா போய்க்கினு இருக்கற? சட்டப் பாக்கெட்லதான இருக்குது? நில்லு. அப்பிடியே நில்லு. தண்ணியில போட்டுடாத.”

திருப்பதியில் அத்தை வீட்டின் முன்னறையில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பொட்டலம் கட்டுவதற்காக அத்தை சுந்தரம்மா முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தாள். இந்த வீட்டில் தங்கித்தான் பிரேமலதா வேலைக்குப் போய்வந்தாள். சோறு போட்டார்கள், குறையில்லை. இன்றைக்கு என்ன பாடம் எடுத்தாய் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

“திமிரு இல்ல… சரி, திமிருன்னே வெச்சிக்க. சொல்றத மட்டும் கேளு. இன்னிக்கி டென்த்து புள்ளைங்களுக்கு நிகழ்தகவு எடுத்துக்கினு இருந்தேன்… லெக்கலு நைனா, கணக்கு. ஒண்ணு நடக்கறதுக்கு எத்தினில எத்தினி வாய்ப்புன்னு பாக்கற லெக்கலு… சாமிக்கும் அதுக்கும் இன்னாவா? இரு, வரேன்.

“ரூவா காச சுண்டினா தல விழறதுக்கு ரெண்டுல ஒண்ணு. ரெண்டு தடவயும் தலன்னா பாதியில பாதி, நாலுல ஒண்ணு. மூணுன்னா எட்டுல ஒண்ணு… உம் கொட்டாத. நெசமா கேக்கறியா?… இல்ல, கோவம் இல்ல. இதெல்லாம் நம்ம ஊட்டுல யாருகிட்டயும் நான் சொன்னதே இல்ல, அதான்.

“அஞ்சு தடவயும் தல விழணும்னா எவ்ளோன்னு கேட்டேன். ஒருத்தன் பத்துல ஒண்ணுன்றான். அஞ்சயும் ரெண்டயும் பெருக்கிட்டான் லூசு. தேவயானின்னு ஒரு பொண்ணு, அது கரீட்டா முப்பத்திரண்டுல ஒண்ணுன்னு போட்டுட்டு, ‘அப்பிடி விழுந்தா காச வாங்கி மொதல்ல திருப்பிப் பாக்கணும் மேடம்’ன்னுது. கிளாஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு போர்டு பக்கம் திரும்பனவ அப்பிடியே நின்னுட்டேன் நைனா.

“எனுக்குத் தெரிஞ்சி அத்த எத்தினி தடவ பொட்டலம் கட்டிக்கிது? அக்கா கல்யாணம், வெள்ள. சீனு மாமா நெலம், வெள்ள. போர் போட்டது… வெள்ளதான? என்ன காலேஜில சேத்தது, வெள்ள. இன்னிக்கி… ஆங், அதேதான்.

“நடக்கவே நடக்காதுன்னு நான் சொன்னனா? முப்பத்திரண்டுல ஒண்ணு நடக்கும். அதுக்குத்தான் பிரின்றேன். செவப்பு இருந்தா அத்த கால்ல உளுந்து மன்னிப்புக் கேக்கறேன்… எம்மேல ஆணையா கேக்கறேன். பிரி.”

மறுமுனையில் ஏரிக்கரைக் காற்று இரைந்தது. அப்பா வெங்கடசாமியின் விரல்கள் நூல் முடிச்சோடு திண்டாடுவதை அவளால் பார்க்காமலே பார்க்க முடிந்தது.

“இன்னா கலரு?… நைனா… லைன்ல இருக்கறியா?”

“வெள்ளையா…” அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னாள்.

ஜெயித்தது மாதிரி இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“நீ ஏன் அத்தைய ஒரு வார்த்த திட்டல?… பேசு… உனுக்குத் தெரியும். ஆமாவா, இல்லியா?… எப்பத்திலேருந்து?… இன்னாது? திரும்பச் சொல்லு… என்ன காலேஜில சேக்கறப்போ… நீயா? ரெண்டுலயும் வெள்ள வைன்னு அத்தகிட்ட நீயா சொன்ன?… பெரியப்பா ஒத்துக்க மாட்டாருன்னு…”

சித்தூர் ஹாஸ்டலில், பேச ஆள் இல்லாத அந்த மூன்று வருஷமும், அம்மனே பார்த்து அனுப்பிய பிள்ளை என்ற நினைப்பில்தான் அவள் படித்தாள். அனுப்பியது இந்த மனிதர். அதை இத்தனை நாள் ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவளிடம்கூட.

“அழாத… நான் ஒண்ணும் அழல. சளி… அன்னிக்கி எனுக்காக அம்மன ஏமாத்தின. இன்னிக்கி யாருக்காக நைனா?… அத்த மொகத்துக்காகவா? ஊருக்காகவா?… ஊரா வந்து எங்கூட அந்தக் கடையில குந்தப் போவுது?

“சொல்ல மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், போதுமா… இல்ல, சாயங்கால பஸ்ஸுக்கு வரல. லேடீஸ் ஹாஸ்டல்ல எடம் புடிச்சிட்டேன்… நேத்தே. நீங்க பூக்கட்டறதுக்கு முந்தியே… ஆமா, அதுல செவப்பு இருந்திருந்தாலும் போயிருப்பேன். பயந்துக்கினு போயிருப்பேன், அவ்ளோதான் வித்தியாசம்.

“இல்ல… இல்ல நைனா. அத்தகிட்ட நானே பேசிக்கறேன்… நீ துன்னியா?… மொதல்ல ஊட்டுக்குப் போயி துன்னு. வெச்சிர்றேன்.”

வைத்தாள். மறு நிமிஷமே போன் அடித்தது. எடுக்கவில்லை. ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். அத்தையிடம் வேறு சாவி இருந்தது. தன்னுடையதைக் கதவுக்கு அடியில், கை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டுப் படியிறங்கினாள்.