ஸ்டியரிங்கில் கட்டிய சிவப்புத் துணி

24.10.1969 காலை 10 மணிக்கு நிலையத்தில் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் ஆதிநாராயணன், வயது 41, தகப்பனார் பெயர் ராஜமாணிக்கம். கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. ரோட்டில் மோட்டார் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டாக்சி டிரைவர் குப்புராஜ் தன் அம்பாசிடர் காரைக் கொண்டுவந்து, ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, வேறு இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தும் தெரியவில்லை என்றார். அவர்களுக்குத் தெரியாததை நான் கண்டுபிடிப்பேன் என்ற திமிர் எனக்கு உண்டு. ஹோஸ்களைத் துடைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. அதன் பிறகு, கொதிக்கும் தண்ணீரை வெளியே விடும் சிறு குழாய் வழியாகப் போகிறதா என்று அறிய, சவுக்குக் குச்சியைச் சீவி அந்தக் குழாயை இறுக அடைத்து இன்ஜினை ஓட்டினேன். அப்படியும் தண்ணீர் குறைந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியதில் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட் தகடு போய், தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே இறங்கி ஆவியாகிறது என்று தெரிந்துகொண்டேன். மெட்ராஸிலிருந்து கேஸ்கட் வரும்வரை தண்ணீர் ஊற்றி ஓட்டலாம், பூஜை முடிந்து வந்து எடுத்துக்கொள் என்று குப்புராஜிடம் சொன்னேன். குச்சி இருப்பதைச் சொல்லவில்லை.

என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எதையாவது தற்காலிகமாகச் செருகினால் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவேன். துணி இருக்கும்வரை வண்டியை யாரும் எடுக்கக்கூடாது. அன்றும் கட்டினேன்.

மறுநாள் பூஜைக்காக எல்லாக் கருவிகளையும் கழுவிச் சாமி முன்னால் வைத்துவிட்டபடியால், குச்சியைப் பிடுங்கக் குறடு கையில் இல்லை, பூஜையிலிருந்து எடுக்கவும் மனமில்லை. அதன் பிறகு காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, பூமாலைக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குத் துணி பார்க்க நன்றாக இல்லை என்று நானே அதை அவிழ்த்தேன்.

விஜயதசமி காலையில் நான் ஷெட்டுக்குப் போகுமுன் குப்புராஜ் வந்து, துணி இல்லாததைப் பார்த்து, காரை எடுத்துப் போய்விட்டார். பழவேற்காட்டில் பச்சையம்மா என்ற அம்மாளை ஏற்றிக்கொண்டு, அவர் மகள் செண்பகம் பெற்ற குழந்தையைப் பார்க்கப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார். திருப்பாலைவனம் அருகே வண்டி சூடாகி நின்றது. குப்புராஜ் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் அது தெறித்து, தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்ற பச்சையம்மாவின் முகத்தில் கொதிநீர் அடித்தது. குப்புராஜைக் கைது செய்தார்கள்.

22-ஆம் தேதி காரைச் சோதிக்க என்னை இங்கே அழைத்தார்கள். பானெட்டைத் தூக்கியதும் என் குச்சியைப் பார்த்தேன். கான்ஸ்டபிள் திரும்பி நின்ற சமயம் அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆறுவதற்குள் மூடியைத் திறந்ததுதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாக்கப்பிலிருந்து குப்புராஜ், "அரமணி நேரம் குந்திக்கினு, ஆற வுட்டு, ஈரச் சாக்கு போட்டுத்தான் தொறந்தேன். நீயே இப்டி எழுதிட்டியே அண்ணே" என்றார். அவர் சொன்னது உண்மை. குழாய் அடைபட்டிருந்தால், கேஸ்கட் வழியாக ரேடியேட்டரில் ஏறிய அழுத்தம் அரை மணி நேரத்தில் இறங்காது.

நேற்று மாலை, பச்சையம்மாவைச் சேர்த்திருந்த மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. இனிப் பார்வை வராது என்று செண்பகம் வராந்தாவிலேயே சொன்னாள். அந்த அம்மாள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அதன் மூக்கையும் நெற்றியையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லவில்லை. "இது யாரு ஜாடைன்னு கேட்டா என் பொண்ணு அழுவுது. நீயாச்சும் பாத்துச் சொல்லு நைனா" என்றார்.

உங்கள் ஜாடைதான் என்றேன். குழந்தையை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

சவுக்குக் குச்சியை இத்துடன் ஒப்படைக்கிறேன். குப்புராஜ் மீது தவறு இல்லை. 22-ஆம் தேதி நான் கையெழுத்திட்டுக் கொடுத்தது பொய். பச்சையம்மாவிடம் நேற்றுச் சொன்னதும் பொய், அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். இப்போது சொன்னதைப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், இதுதான் நிஜம்.

(ஒப்பம்) ரா. ஆதிநாராயணன்