ஊரு பேரில்லாத சேனலு

கத்துனாலும் கேக்காது தம்பி, எங்க வீட்டுக்காரரு ரெண்டு காதையும் அடைச்சு ஹெட்போன மாட்டிருக்காரு. அந்தத் தகரக் கொட்டாயிலதான் இருக்காரு, பாட்டு முடிஞ்சாத்தான் தல நிமிரும். செத்த இப்புடி ஒக்காருங்க, அந்த வயரு சுருள நகட்டிப்புட்டு. ரேடியோ செட்டு புக் பண்ணத்தானே வந்தீங்க? நல்ல ஆளத் தேடி வந்தீங்க போங்க.

என்ன பாட்டா? அத ஏன் கேக்குறீங்க. ஜமைக்காவாம். பொன்னமராவதியில ஒக்காந்துக்கிட்டு இந்த மனுசனுக்கு ஜமைக்கா கேக்குது. புதுப் பாக்ஸு வாங்குனப்ப பேஸு எப்புடி அடிக்குதுன்னு பாக்க யூடியூப்புல எதையோ தேடிருக்காரு, அது இழுத்துட்டுப் போயி அங்கன விட்டுருச்சு. அங்கிட்டும் தெருவுல ஸ்பீக்கரு பொட்டிய அடுக்கி வச்சு, ஒரு செட்டுக்காரனுக்கும் இன்னொரு செட்டுக்காரனுக்கும் போட்டி நடக்குமாம். அவங்களும் நம்ம ஆளுகதான் செவந்திங்கிறாரு. ஆமா, பங்காளிக. ரேசன் கார்டுல சேத்துர வேண்டியதுதான்.

அதுல வக வேற. ஸ்கான்னு ஒண்ணு, பஸ்ஸுக்கு ஓடுறவன் கணக்கா ஓடும். ரெகேன்னு ஒண்ணு, அது கறிச்சோறு தின்னுட்டு நடக்குற நட. கடைசியா டப்புன்னு ஒண்ணு, அதுதான் இவருக்கு உசுரு. நல்லாப் பாடிக்கிட்டு இருக்கவனத் திடீர்னு காணாமப் போக்கிருவானுக. மேளமும் அந்த பேஸு தும்தும்மும் மட்டும் ஓடும். பெறகு கெணத்துக்குள்ள இருந்து கூப்புடுற மாதிரி ஒரு வார்த்த வரும், அதுவும் போயிரும். குரல எடுத்துப்புட்டு என்னங்க பாட்டுன்னு கேட்டா, குரல் போனப்பெறகுதான்டி அத நல்லாக் கேக்க முடியுதுங்கிறாரு. வெளக்கெண்ண.

வல்லத்திராக்கோட்டையில ஒரு வளைகாப்புக்கு இதப் போட்டு விட்டுட்டாரு. பாதியில குரலு போச்சா, வயரு அந்துபோச்சுன்னு வீட்டுக்காரவுக ஓடியாராக. இவரு கண்ண மூடிக்கிட்டு தலைய ஆட்டுறாரு. பொண்ணோட மாமன் வந்து பிளக்கப் புடுங்குனப்பெறகுதான் முழிச்சாரு. தூ.

இல்ல, அவரு பாட்டு இன்னும் முடியல. பொறுங்க.

இதுக்குன்னு ஒரு சேனலு இருக்கு. ஊரு பேரு, ஆளு பேரு ஒண்ணும் கெடையாது. வெள்ளிக்கெழமயான்னா பழைய ரெக்கார்டு ஒண்ணு, புதுசா யாராச்சும் போட்டது ஒண்ணுன்னு வரும். அன்னைக்கு இவரு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு ஒக்காருவாரு. கேட்டு முடிச்சதும் கீழ எழுதுவாரு, அருமையான தேர்வு ஐயான்னு. அங்கிட்டு இருந்து நன்றி ஐயான்னு வரும். சொந்த ஊர்ல மளிகக்கடைக்காரர ஒழுங்கா வாங்கன்னு சொல்லாத மனுசன், கண்ணு காணாத ஆளுக்கு ஐயா போடுறாரு.

ஒரு வெள்ளிக்கெழம காதுல மாட்டாம பாக்ஸுலயே போட்டாரு. நான் அடுப்படியில நிக்கிறேன். குரல் போயி மேளம் ஓடுது, நடுவுல கெணத்துக்குள்ள இருந்து ஒரு ஆம்பளக் குரலு, பாப்பா வயர மிதிக்காத, மிதிக்காத, மிதிக்காதன்னு. எனக்கு கையி கரண்டியோட நின்னுபோச்சு. இவரு குரலு தம்பி. எங்க மக ப்ரியங்கா, இவருகூட செட்டுக்குப் போறப்ப எல்லாத்தையும் போன்ல புடிச்சு வச்சுக்கிரும், அவளத்தான் பாப்பாம்பாரு. ஓடியாந்து பாத்தா, திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காரு. என்னங்க அதுன்னேன். எவனோ வெளிநாட்டுக்காரன், அவன் பாஷையில பேசுறான்னாரு. வாய் கூசாம.

ஒரே மக. மணமேல்குடி கடக்கரைப் பையன், வேதக்காரன், சர்ச்சுக்குப் போற குடும்பம், அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. இனிமே அவ குரலு என் காதுல விழக்கூடாதுன்னு வாசல்ல நின்னு சத்தியம் பண்ணாரு. என்னையும் போன எடுக்க விடல. பெத்த வயிறு எரியுது எனக்கு. சாதியக் காப்பாத்துற தொரை, வாரவாரம் மககிட்ட ஐயா ஐயான்னு பேசிக்கிட்டு, சத்தியமும் கெடலன்னு திரியுறாரு. கோழப்பய மனுசன்.

மகளுன்னு தெரியாம எழுதுறாருங்கிறீங்களா? நீங்க வேற. அந்த வாரம் கீழ என்ன எழுதுனாரு தெரியுமா? எர்த்து வயரு ஒழுங்காப் போட்டுக்கங்க ஐயா, கடக்கரை ஈரத்துக்கு ஷாக் அடிக்கும்னு. ஊரு பேரே இல்லாத சேனலுக்கு கடக்கரைன்னு இவருக்கு யாரு சொன்னா?

போன வெள்ளிக்கெழம அந்தச் சேனல்ல, அடுத்த வாரம் பாட்டு இல்ல, வீட்ல காதுகுத்துன்னு போட்ருந்துச்சு. மறுநாளே பரண்ல கெடந்த குழாய் ஸ்பீக்கரையெல்லாம் எறக்கி பெயிண்ட் அடிக்கிறாரு. எங்க விசேசம்னு கேட்டா, அந்த பிரஷ்ஷ எடுன்னு கைய நீட்டுறாரு. ஒருத்தரும் புக் பண்ணல தம்பி, நீங்கதான் மொத ஆளு.

உங்க ஊரு அறந்தாங்கின்னு சொன்னீங்கள்ல. சரி, அறந்தாங்கியாவே இருக்கட்டும். வந்ததுல இருந்து சொவத்துல மாட்டிருக்க என் மக போட்டோவத்தான் பாக்குறீங்க. ஜெரால்டுக்கு நீங்க அண்ணனா, தம்பியா?

அழுகலைங்க, பெயிண்ட் வாட கண்ணக் கரிக்குது.

அந்தா கழட்டிட்டாரு, போங்க. மணமேல்குடி, காதுகுத்துன்னு மட்டும் சொல்லுங்க. யாரு வீடுன்னு கேக்க மாட்டாரு, பாருங்களேன். வயரு சுருட்ட ஆளில்ல, நீயும் வண்டியில ஏறுன்னு எங்கிட்ட எரிஞ்சு விழுவாரு. நான் காலையிலயே குளிச்சு, சேல எடுத்து வச்சுட்டேன்.

பேத்தியா, பேரனா தம்பி? அதமட்டும் சொல்லிட்டுப் போங்க.