சுவருக்குள் ஒரு வாக்கு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் நன்றாக இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூடிய அறையின் வியர்வை வாடை ஒத்துக்கொள்ளாது. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் அறை சுத்தமாகத்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் இதற்காகப் பெருமைப்படுவீர்கள்.

நான் ஆளும் கட்சியின் கொறடா. வாக்கெடுப்பு நாளில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் சபைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்து, சொன்ன பக்கம் கைதூக்க வைப்பவன். கௌரவமாகச் சொன்னால் அப்படி. உள்ளதைச் சொன்னால், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற மாடுகளைப் பொழுது சாய்வதற்குள் தொழுவத்தில் அடைப்பவன். மாடாவது பரவாயில்லை, வயிறு நிறைந்தால் ஓரிடத்தில் படுத்து அசைபோடும்.

எங்கள் அரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. சில சுயேச்சைகள் முட்டுக்கொடுத்ததில் நின்றுகொண்டிருந்தது. பட்ஜெட் தோற்றால் அன்றைக்கே அரசு கவிழும். அந்தச் சுயேச்சைகளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் குமட்டும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்தார்கள். ஒருவர் மருமகனுக்கு மதுக்கடை உரிமம் கேட்டார். இன்னொருவர் புதுப் பாலத்துக்குத் தன் அப்பா பெயரை வைக்கச் சொன்னார். அந்த அப்பா அதே ஆற்றில் மணல் திருடிப் பிடிபட்டவர். கேட்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார்கள், பிசுபிசுவென்று இருக்கும். ஒவ்வொருவரும் போனதும் எழுந்துபோய்க் கை கழுவுவேன். என் அறையில் புதுச் சோப்பு ஒன்று அந்த வாரமே கரைந்துபோனது.

எல்லோரையும் சரிக்கட்டிய பிறகு எங்கள் பக்கம் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக நின்றது. அந்த ஒன்றும் போய் இருபுறமும் சமமானால், பட்ஜெட் தோற்றதாகவே பொருள் என்பது எங்கள் சபை விதி. அந்த ஒரு வாக்கு மருத்துவமனையில் படுத்திருந்தது.

அது என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாதவன், அக்கா வீடே கதி என்று இருந்தவன். அவனைத் தேர்தலில் நிறுத்தியதே நான்தான். பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குவான். அதனால் சபையில் அவனுக்குக் 'குறட்டை' என்று பெயர். "கொறடாவும் குறட்டையும் ஒரே வீட்டுச் சாப்பாடு" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவன்தான் முதலில் சிரிப்பான். இத்தனை வருஷத்தில் என்னிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அரசியலுக்கு லாயக்கில்லாதவன்.

அவனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. படுக்கையை விட்டு அசைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரத்த சம்பந்தமுள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்கள். நான் என் மனைவியிடம் பேசினேன்.

"டாக்டர் சரின்னுட்டார். போனதும் திரும்பிடுவான். படுத்தபடியேதான் இருக்கப் போறான்."

"நெசமாவே சொன்னாராங்க?"

"என் மச்சான் விஷயத்துல நான் பொய் சொல்வேனா?"

பொய்தான் சொன்னேன். ஆனால் கேள்வியை அப்படிக் கேட்டால் எந்தக் கணவனும் வேறு பதில் சொல்ல முடியாது. அவள் கையெழுத்துப் போட்டாள். கூட வருகிறேன் என்றாள். வளாகத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்று சொல்லி அங்கேயே உட்காரவைத்தேன். மைத்துனன் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "தூங்குறதுக்கு அங்க ஒரு பெஞ்சு, இங்க ஒரு கட்டில், எல்லாம் ஒண்ணுதான் அத்தான்" என்றான். வலுக்கட்டாயமாக இழுத்துப் போனேன் என்று யாராவது எழுதியிருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். நடக்க முடியாத உறுப்பினர் சபைக்குள் வர வேண்டியதில்லை, வளாகச் சுவருக்குள் இருந்தால் போதும். வாக்கெடுப்பு மணி அடித்ததும் சபை எழுத்தரும் எதிர்த்தரப்புக் கொறடாவும் அவர் படுத்திருக்கும் இடத்துக்கு வருவார்கள். ஆதரவா, எதிர்ப்பா என்று எழுத்தர் கேட்பார். வாய்திறந்து சொன்னாலும் சரி, கை தூக்கினாலும் சரி, எண்ணிக்கொள்வார்கள். இரண்டே நிபந்தனைதான். சுவருக்குள் இருக்க வேண்டும், நினைவோடு இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் காலையிலேயே முற்றத்தில் வந்து நின்றது. ஓட்டுநர், ஒரு நர்ஸ், என் மைத்துனன். மதியத்துக்குள் வாக்கெடுப்பு என்பது ஏற்பாடு. ஆனால் வண்டியைப் பார்த்ததும் எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்தார்கள். நோயாளி எவ்வளவு நேரம் தாங்குவான், பார்த்துவிடுவோம் என்பதுதான் கணக்கு. ஒரு மனிதர் மீன்பிடி வலைக் கண்ணியின் அளவைப் பற்றி மதியம் முழுக்கப் பேசினார். எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசினார். ஒருவன் உயிரை வைத்து இப்படியும் விளையாடுவார்களா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

வண்டியில் அவனுக்கு வலி கூடிக்கொண்டே போனது. நர்ஸ் சின்னப் பெண், படபடப்பாக இருந்தாள்.

"ஊசி போடணும் சார். நேரம் ஆயிடுச்சு."

"போட்டா தூங்கிடுவானா?"

"தூங்கணும் சார். அதுக்குத்தான் போடறதே."

"அப்போ பொறு. ஓட்டுக் கேட்கும்போது அவன் முழிச்சிருக்கணும்."

நான் அவனிடம் குனிந்து, "மச்சான், பல்லைக் கடிச்சுக்கோ. இன்னும் ஒருத்தர்தான் பேசணும்" என்றேன். ஏழெட்டுப் பேர் பாக்கி. அவன் தலையாட்டினான். அடுத்த முறை நான் வந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. "அத்தான், போதும். என்னைக் கொண்டு போயிடுங்க" என்றான். வாழ்க்கையில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கேட்ட நேரம் சரியில்லை.

ஓட்டுநர் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு இருக்கையில் ஏறி வண்டியைத் திருப்பப் பார்த்தார். வெளிவாசலை வண்டி தாண்டினால் எல்லாம் போச்சு. ஆகவே சாவியைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எஞ்சின் ஓடாவிட்டால் உள்ளே குளிர்சாதனமும் ஓடாது என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஓட்டுநர் சொன்னார். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த முற்றத்தில் நிழல் கிடையாது, சாயங்கால வெயில் நேராக உள்ளே அடித்தது. நர்ஸ் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். எதிர்க்கட்சிக் கொறடாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அரசியலுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"என்னங்க இது? ஆள் போயிட்டிருக்காருங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. நான் ஜோடி தர்றேன்."

ஜோடி என்பது இன்னொரு வழக்கம். ஒரு கட்சியில் ஒருவர் வர முடியாமல் போனால், எதிர்க்கட்சியிலும் ஒருவர் வாக்களிக்காமல் வெளியே நின்றுகொள்வார், கணக்கு நேராகிவிடும். இதற்குக் காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு கொறடா இன்னொரு கொறடாவுக்குக் கொடுக்கிற வாய்வார்த்தை, அவ்வளவுதான். அதாவது என் மைத்துனன் போய்ப் படுத்துக்கொண்டாலும் பட்ஜெட் அதே ஒரு வாக்கில் ஜெயிக்கும்.

நான் மறுத்துவிட்டேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. போன வருஷம் அவர்கள் ஆள் ஒருவரின் அம்மா தவறிப்போனார். டீச்சர் என்னிடம் ஜோடி கேட்டார், நான் கொடுத்தேன். அந்த மனிதர் கொள்ளி வைக்கப் போனார். நான் வெளியே நிறுத்திவைத்த எங்கள் ஆளைக் கடைசி நேரத்தில் உள்ளே கூப்பிட்டு வாக்களிக்க வைத்தேன். சட்டப்படி அதில் தவறு இல்லை. டீச்சர் மறுநாள் என்னைப் பார்த்து, "நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னார். அப்படி ஒரு காரியம் நடந்த பிறகு, புத்தியுள்ள யாராவது அதைத் திருப்பிச் செய்யாமல் விடுவார்களா? பாம்பின் கால் பாம்பறியும். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் வண்டி வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து என் ஆளை உள்ளே அனுப்பியிருப்பேன்.

"பழைய கணக்கைத் தீர்க்கப் பாக்கறீங்களா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"எல்லாரும் உங்களை மாதிரியே இருப்பாங்கன்னு நினைச்சுக்காதீங்க. என் பிள்ளைங்க மேல சத்தியம். சாவியைக் குடுங்க."

பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. மலிவான பழக்கம். திரும்பி நடந்தேன். கடைசியில் ஒரு வழியாக வலைக்காரரின் கட்சியில் பேசுவதற்கு ஆளில்லாமல் போய், மணி அடித்தது.

நான் முதலில் வண்டிக்கு ஓடினேன். நர்ஸ் விசிறுவதை நிறுத்தியிருந்தாள். "போயிட்டாரு சார்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது, வெயில் சூடாகவும் இருக்கலாம். அவளைக் கீழே இறங்கி நிற்கச் சொன்னேன். வாயைத் திறந்தால் வேலை போகும் என்பதையும் சொல்லிவைத்தேன். பிறகு அவன் கண்ணை மூடாமல் அப்படியே விட்டு, தலையைக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பி, பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

எழுத்தரும் டீச்சரும் வந்தார்கள். எழுத்தருக்குக் கிட்டப்பார்வை, அதோடு வெயில் கண்ணில் குத்தியது. "உறுப்பினர் ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டார். அவன் கை எழுந்தது. நான் நினைத்ததை விடக் கனமாக இருந்தது. ஆதரவு என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். டீச்சர் அந்தக் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதியாச்சுல்ல? ஆட்சேபணை இல்ல. இப்பவாவது சாவியைக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். சபைக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், பாலத்துக்காரர் உட்பட. சபாநாயகர் முடிவை வாசித்தார். பட்ஜெட் நிறைவேறியது, இரண்டு வாக்கு வித்தியாசத்தில். மேசைகளைத் தட்டினார்கள். முதலமைச்சர் என்னைக் கட்டிப்பிடித்தார். அமைச்சரவையில் எனக்கு இடம் உண்டு என்று காதில் சொன்னார். நான் கேட்கவில்லை. கொடுத்தால் மறுப்பது அநாகரிகம்.

ஆனால் இரண்டு எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்றுதானே வர வேண்டும். எதிர் வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. வண்டியிலேயே ஏறி அவனோடு மருத்துவமனைக்குப் போய்விட்டார். வாக்களிக்கவே வரவில்லை. அங்கே என் மனைவிக்குச் செய்தி சொன்னதும் அவர்தானாம். நர்ஸ் சொன்னதையெல்லாம் கேட்டு இந்தப் புகாரை எழுதியவள் என் மனைவி. அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான், ஆறிவிடும்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போட விடாதது நான். சாவியை வைத்துக்கொண்டது நான். செத்தவன் கையைத் தூக்கியது நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் விசாரித்தே ஆக வேண்டும். டீச்சர் மட்டும் ஒழுங்காகச் சபைக்குள் வந்து எதிர்த்து வாக்களித்திருந்தால், என் மைத்துனனின் வாக்குதான் இந்த அரசைக் காப்பாற்றியிருக்கும். அவன் சாவுக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். அதை வீணாக்கியது அந்தப் பெண்மணி. இந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் அவர்.