கடற்கரைக் காட்சிக்கு ஒரு குரல்

போன் விளையாட்டில் வரும் ஆட்களுக்கு அழத் தெரியாது. உங்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கும். ஓடுவார்கள், நீந்துவார்கள், படகு ஓட்டுவார்கள், சுடுவார்கள். ஒரு பெண்ணைக் கரையில் விழுந்து அழவைக்க வேண்டுமென்றால் அதற்குப் பொத்தான் கிடையாது. எதிரியின் கண்ணில் படாமல் பதுங்குவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு, பின்பக்கத்திலிருந்து பதிவு செய்தால், துக்கம் தாங்காமல் முழங்கால் மடங்கியது போலவே இருக்கும். வாய் அசையாததும் தெரியாது. என் படங்களில் எல்லோரும் முதுகைக் காட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் பாராட்டியிருந்தது போலப் பெரிய யோசனை ஒன்றுமில்லை.

கடற்கரைக் காட்சியில் அழுகிற குரல் யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் இதே மாதிரி விளையாட்டைப் பதிவு செய்து படம் எடுப்பவர். உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அது என் அண்ணன் மனைவி. ராக்கு மதினி.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடி. நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. கட்டாயப்படுத்தியபோது ஒருநாள் மயங்கி விழுந்தேன், அதன் பிறகு போகவில்லை. வீட்டில் யாரும் திட்டவில்லை. அம்மா மீன் கூடையோடு ஆர்.எஸ். மங்கலம் சந்தைக்குப் போவாள், அண்ணன் வேல்ராஜ் கூத்தையாவின் படகில் கடலுக்குப் போவான். வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் என்னிடம்தான் இருக்கும். அதில்தான் விளையாட்டு, அதில்தான் பதிவு, அதில்தான் வெட்டி ஒட்டுவது எல்லாம்.

மதினி கல்யாணமாகி வந்த பிறகு என் படங்களுக்குக் குரல் கிடைத்தது. போலீஸ்காரன், கிழவன், டீக்கடைக்காரி என்று எதைக் கொடுத்தாலும் பேசுவாள். அண்ணன் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்தில் சில பெண்கள் இன்னும் அப்படித்தான், புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ஒருமுறை ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

“ஒருத்தி சொல்ல மாட்டேங்குறா, இன்னொருத்திக்கு வாயே இல்ல. நான் யாரு பேருக்குத் தாயி அரிசி போட?” என்றார் கடைக்காரர். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் மதினி. என்னையும் சிரிக்க வைத்தாள். நல்லவள். இதை நான் எங்கும் மறுக்கவில்லை.

படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்ற செய்தி அவன் மனைவிக்கு வருகிறது. படம் முழுவதும் அந்த அழுகைக்காகத்தான். துறைமுகம், மூழ்குகிற படகு, மழை எல்லாம் நன்றாக அமைந்துவிட்டன. மதினியை அழச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தொடங்குவாள், பாதியில் சிரித்துவிடுவாள்.

“எனக்கு வரலையே புள்ள. எதை நெனச்சு அழுக? எனக்கு என்ன கொறையா வச்சிருக்காக உங்கண்ணன்?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குறை இல்லாதவள் எப்படி அழுவாள்? முந்தைய படத்தின் கீழே ஒருவர், அழுகை புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். வாசிப்பது என்ற அந்தச் சொல் எனக்குப் பல நாள் தூக்கம் தரவில்லை.

அன்று காலை திரும்ப வேண்டிய படகு வரவில்லை. மதினி இரண்டு முறை கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு என் போன் அடித்தது. அண்ணன்தான். இன்ஜின் மக்கர் பண்ணிவிட்டது, இன்னொரு படகு இழுத்துவந்து தொண்டியில் கரை சேர்த்திருக்கிறது, சாயங்காலம் வந்துவிடுவோம், மதினியிடம் சொல்லிவிடு என்றான். சரி என்றேன். அம்மா சந்தையில் இருந்தாள். மதினி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

போனைக் கொல்லையில் கிடந்த வலைக் குவியலுக்குள் வைத்தேன். மைக்கில் காற்று இரைச்சல் விழாமல் இருக்க மெல்லிய துணியை மேலே போட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, தேவிபட்டினத்து ஆட்கள் போன் செய்தார்கள், அண்ணன் படகு கவிழ்ந்துவிட்டதாம், மற்றவர்கள் கிடைத்துவிட்டார்களாம் என்றேன். நான் நீளமாகப் பேசுவதே இல்லை என்பதால் அவள் உடனே நம்பினாள்.

ஒன்று கவனித்தேன், உங்களுக்கும் உதவும். செய்தி கேட்டவுடன் யாரும் அழுவதில்லை. சத்தமே வரவில்லை. ஈரத்துணியைப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். நாம் படங்களில் செய்தியையும் அழுகையையும் ஒட்டி ஒட்டி வைக்கிறோம், அது தவறு. ஆனால் சத்தம் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சட்டை மட்டும் கிடைத்திருக்கிறதாம், நீலக் கட்டம் போட்டது என்றேன். அந்தச் சட்டைக்கு அவள்தான் முந்தின நாள் பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அதன் பிறகு வந்ததைத்தான் நீங்கள் கேட்டீர்கள். வேல்ராஜு, வேல்ராஜு என்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கு முன் அவள் வாயிலிருந்து நான் கேட்காத பெயர். என் கதையில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. பின்னால் திரையில் வரும் எழுத்துகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று.

தேவையானது கிடைத்ததும் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் தோளைப் பிடித்து, “அண்ணே வந்துருவாக மதினி” என்றேன். அவள் திரும்பாததால் மறுபடியும் சொன்னேன்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. படகு காணாமல் போனால், பொணம் கரை ஒதுங்கும்வரை செத்துப்போனான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனைவியைச் சுற்றி உட்கார்ந்து, வந்துருவாக, வந்துருவாக என்றுதான் சொல்வார்கள். எத்தனை பேர் சொல்கிறார்களோ அத்தனை உறுதி, அவன் வரமாட்டான் என்பது. அந்தச் சொல் காதில் விழுந்தால் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மதினியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். என் தலையைத் தடவி, “நீ அழுகாத தாயி” என்றாள். நான் அழவில்லை.

நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் ஏன் சொன்னாய் என்பாள். படத்தைப் பற்றி விளக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்படி விளக்கிப் பேச வராது. அவள் எழுந்து வாசல் வழியாகப் போகாமல், கருவேல மரங்களுக்கு இடையில் கடலைப் பார்த்து நடந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அண்ணன் சாயங்காலம் சொன்னபடியே வந்தான். அதற்குள் வலைக்காரர்கள் அவளைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த யாரோ தவறான செய்தி சொல்லிவிட்டார்கள் என்று ஊர் முடிவு செய்துகொண்டது. போலீஸ் அண்ணனிடமும் அம்மாவிடமும் கேட்டார்கள். என்னிடம் கேட்க வந்த ஏட்டம்மாவிடம், அது வாய் பேசாத பிள்ளை, விட்டுருங்க என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் மட்டும் ஒருமுறை என்னிடம் கேட்டான்.

“நான் போன் பண்ணுனதச் சொன்னியா துர்கா?”

“சொன்னேண்ணே. வந்துருவீகன்னு சொன்னேன்.”

அது பொய்யில்லை. அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஆண்களின் அழுகைக்குப் பெண்களுடையதைப் போல இழுப்பு இருக்காது, இருமல் மாதிரி விட்டு விட்டு வரும். அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். தந்தை வேடம் வருகிற கதை ஏதாவது நீங்கள் எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

அந்தக் குரல் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இல்லாமல் போவதை எந்தச் செயலியில் செய்தேன் என்றும் கேட்டிருந்தீர்கள். எந்தச் செயலியிலும் செய்யவில்லை. எங்கள் கடலில் அலை கிடையாது, ஆழமும் கிடையாது. கணுக்கால், முழங்கால் என்று நடந்துகொண்டே இருக்கலாம், இடுப்பளவு வருவதற்கே வெகுதூரம் போக வேண்டும். மதினி, அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டே அவ்வளவு தூரமும் நடந்தாள். நான் கரையில் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் அமைதியாக இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். பதிவிலும் கேட்டிருக்கும்.